தீனிக்குழியைக் கழுவியவர்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பயன்பட்டது. மற்ற எல்லாருக்கும் அவர் பினாயில். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். பட்டம் கொடுத்த மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பார்.

இருபத்திரண்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவர் அவர். கடைசி ஒன்பது வருஷம் மேற்பார்வையாளர். அவர் துடைத்துவிட்டுப் போன தாழ்வாரத்தில் டாக்டர்களே செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகை. ஆனாலும் அவர் அதை ஒரு நாளும் மறுத்ததில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் மூக்கு ஒரு சுற்றுச் சுற்றி வரும். அப்புறம்தான் மனிதர் நாற்காலியில் உட்காருவார்.

"இவரைக் கட்டிக்கிட்டதுல ஒரே ஒரு லாபம், வீட்டுல ஒரு ஈ கிடையாது. என்னைத் தவிர வேற எந்த உயிரும் தங்காது" என்பார் அவர் மனைவி.

ஆஸ்பத்திரி மதிலுக்கு அந்தப் பக்கம் காய்கறி மார்க்கெட். மார்க்கெட்டுக்குப் பின்னால் மலைபோலக் குப்பை. அழுகிய முட்டைக்கோஸ், நசுங்கிய தக்காளி, பழத்தோல். அரசாங்கத்திடம் குப்பை இருந்தது, என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கம்பெனியிடம் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் இயந்திரம் இருந்தது, குப்பை இல்லை. இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க மூன்று வருஷமும் எண்பத்து நாலு பக்க ஒப்பந்தமும் தேவைப்பட்டன. இடமும் குப்பையும் நகராட்சி தரும், தொட்டியும் குழாயும் கம்பெனி தரும், வருகிற வாயு மதில் தாண்டி ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போகும். ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு ஆணிகூட அடிக்க முடியாதபடி அந்த எண்பத்து நாலு பக்கத்தையும் எழுதியிருந்தார்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. இரண்டு தரப்பும் தகராறு இல்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே பெயர் பினாயில்.

குப்பையைத் தரம் பிரிக்க எட்டுப் பெண்கள். அவர்களில் ஒருவரான மேஸ்திரியம்மாதான் தலைவி. ஆஸ்பத்திரியில் பினாயிலுக்குக் கீழே ஒன்பது வருஷம் கூட்டிப் பெருக்கியவர். அவரைச் சிபாரிசு செய்து அழைத்து வந்ததே பினாயில்தான். அந்தம்மா கண்ணில் படாமல் ஒரு ரப்பர் வளையம்கூடத் தொட்டிக்குள் போகாது. தொழில் கற்றுக்கொடுத்தவர் என்பதால் பினாயில் மேல் அவருக்கு ஒரு மரியாதை. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். அண்ணன் தப்பாகச் சொன்னபோதும் அப்படித்தான் சொன்னார்.

கம்பெனி எஞ்சினியர் ஒரு சின்னப் பெண். மூன்று நாள் பயிற்சி கொடுத்தாள்.

"இதை மெஷின்னு நினைக்காதீங்க சார். இது ஒரு வயிறு. உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல இருக்கு. அதுங்க தின்னாத்தான் நமக்கு கேஸ். சோப்புத் தண்ணி, எண்ணெய், மருந்து, இதெல்லாம் உள்ள போகவே கூடாது."

பினாயில் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். சோப்பு, எண்ணெய், மருந்து. மூன்றின் கீழும் கோடு போட்டார்.

ஒரு வருஷம் அந்த வயிற்றை அவர் கவனித்த விதத்தைச் சொல்ல வேண்டும். காலை ஏழுக்கு ஒரு தீனி, பதினொன்றுக்கு ஒரு தீனி, மூன்றுக்கு ஒன்று. அரைத்த குப்பையும் தண்ணீரும் கலக்கும் சிமெண்ட் குழிக்குத் தீனிக்குழி என்று பெயர் வைத்ததே அவர்தான். அங்கிருந்து அது சரிவுக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் போகும். புளிப்பைக் காட்டும் காகிதப் பட்டையை நனைத்துப் பார்ப்பார். வாயு சேரும் ரப்பர் பலூனைத் தட்டிப் பார்ப்பார். வெயில் அதிகமென்றால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுவார். "நேத்து பூசணி அதிகம் போட்டுட்டோம், அதான் மந்தமா இருக்கு" என்று வீட்டில் கவலைப்படுவார். "எனக்குப் பசிக்குதான்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?" என்று மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது.

பிறகு கூட்டுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. நாலு பேர் அரசுத் தரப்பு, மூன்று பேர் கம்பெனித் தரப்பு. அவர்களுக்குத் திருப்தி என்றால் இதே போல இன்னும் பதினோரு ஊர் மார்க்கெட்டில் தொட்டி வரும். குழு வருவதற்கு முதல் நாள் நகராட்சிச் சுகாதார அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"நாளைக்குப் பெரியவங்க எல்லாம் வர்றாங்க. இந்த நாத்தம் இருக்கக் கூடாது. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்லியிருக்கவே வேண்டாம். இந்த ஊரிலேயே எந்த மனிதரிடம் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதோ அவரிடம் போய்ச் சொன்னார்.

பெண்கள் இரண்டு மணிக்கே வேலை முடித்துப் போய்விட்டார்கள். பினாயில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நாலு கேன் பினாயில், ஒரு மூட்டை ப்ளீச்சிங் பவுடர், இரண்டு தென்னந்துடைப்பம். தீனிக்குழியின் சுவரை அடியிலிருந்து விளிம்பு வரை தேய்த்தார். வாய்க்காலைத் தேய்த்தார். அரவை இயந்திரத்தின் பல்லிடுக்கைக்கூடக் குச்சி விட்டுச் சுரண்டினார். அப்புறம் குழாயைத் திறந்து வாளி வாளியாக ஊற்றிக் கழுவிவிட்டார். கழுவிய தண்ணீர் சரிவில் எங்கே போகுமோ அங்கே போனது.

இதைக் கேட்பவர்கள், நோட்டில் எழுதிக் கோடு போட்டவருக்கு இது தெரியாதா என்று கேட்பார்கள். அவரைப் பொறுத்தவரை பினாயில் சோப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, மருந்தும் இல்லை. மருந்து என்பது பாட்டிலில், சீட்டோடு, டாக்டர் கொடுப்பது. இது தண்ணீர் மாதிரி. இருபத்திரண்டு வருஷம் கையில் பட்டு, சோற்றில் பட்டு, தோலோடு ஊறிப்போன ஒன்று. அது ஒரு உயிரைக் கொல்லுமா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. இத்தனைக்கும் கொல்லத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

மறுநாள் குழு வந்தது. "குப்பை இருக்கிற இடமா இது?" என்று வியந்தார்கள். அதிகாரியின் முகம் மலர்ந்தது, எஞ்சினியர் பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். பினாயிலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாலாம் நாள் பலூன் தொய்ந்தது. காகிதப் பட்டை நிறம் மாறியது. பினாயில் மூடியைத் திறந்து குனிந்தார். முகத்தில் அடித்தது புளித்த நாற்றம். அதற்கு அடியில், மெல்லிசாக, வேறொரு வாசனை. உலகத்தில் யாருக்கு அது பிடிபடாவிட்டாலும் அவருக்குப் பிடிபடும். மூடியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

எஞ்சினியர் ஓடி வந்தாள். "தொட்டி புளிச்சுப் போச்சு சார். உள்ள இருக்கிறது எல்லாம் சாகுது. வேற ஏதாவது உள்ள போச்சா?"

"எதுவும் போகலம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் இங்க இருக்கும்போது என்ன போயிடும்?"

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஓய்வுக்கு நாலு வருஷம்தான் பாக்கி. ஆனால் பயத்தைவிட வெட்கம்தான் அவரை அதிகம் பிடித்துக்கொண்டது. ஊரிலேயே சுத்தமான ஆள் சுத்தம் செய்தே கெடுத்தான் என்றால் அந்தச் சிரிப்பு சாகும்வரை ஓயாது. ஒரு நாள் போகட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ஒரு நாள் போனது. அடுத்த நாளும் போனது. சொல்ல வேண்டியதைத் தினமும் மென்று விழுங்கினார்.

அதற்குள் கடிதப் போர் தொடங்கிவிட்டது. நகராட்சி கொடுத்த காய்கறியில் பூச்சிமருந்து இருந்தது என்றது கம்பெனி. கம்பெனி முதலில் போட்ட நுண்ணுயிர்க் கரைசலே மட்டம் என்றது நகராட்சி. பன்னிரண்டு நாளில் எட்டுக் கடிதம். ஆஸ்பத்திரிச் சமையல்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "உங்க சண்டையில என்னால பால் காய்ச்ச முடியாது" என்று கத்தினார். ஒப்பந்தமே முறிந்துவிடும் என்று பேச்சு அடிபட்டது. பதினோரு மார்க்கெட்டும் காற்றில் நின்றன.

மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து இரண்டு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார். முதல் டீ வரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டாவது டீ முடிவதற்குள் சமாதானம் ஆகிவிட்டார்கள். தரம் பிரிக்கும் பெண்களின் கவனக்குறைவால் ஆகாத பொருள் ஏதோ உள்ளே போயிருக்க வேண்டும். அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து கைகாட்ட மூன்றாவதாக ஒரு ஆள் கிடைத்துவிட்டால் ஒத்துழைப்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்தத் திட்டத்திலேயே இரு தரப்பும் ஒரு திருத்தமும் இல்லாமல் ஒத்துக்கொண்ட முதல் காகிதம் அது.

அறிக்கையில் மூன்று கையெழுத்து வேண்டும். அதிகாரி, எஞ்சினியர், தொட்டிப் பொறுப்பாளர். 'என் பொறுப்பில் இருந்த தீனிக்குழி வழியாக வேறு எந்தப் பொருளும் செலுத்தப்படவில்லை' என்று ஒரு வரி. அதிகாரி நீட்டிய பேனா எழுதவில்லை. பினாயில் தன் சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே எட்டுப் பேரையும் நிறுத்திவிட்டார்கள். கையுறைகளைத் துவைத்துக் கம்பியில் காயப்போட்டுவிட்டுத்தான் போனார்கள். மேஸ்திரியம்மா அவரிடம் வந்து, "தொட்டியப் பாத்துக்குங்கண்ணே. எப்படியாவது காப்பாத்திடுங்க" என்றார். பினாயில் அந்தம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் கதவின் பூட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

அவர் தொட்டியைக் காப்பாற்றினார். அதை மறைப்பானேன். தீனியை அடியோடு நிறுத்தி, சுண்ணாம்பு கரைத்துத் தெளித்து, பால் பண்ணையிலிருந்து பச்சைச் சாணம் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டார். படுத்த படுக்கையான பிள்ளைக்குக் கஞ்சி புகட்டுவது போல ஆறு வாரம் செய்தார். மேலே வெயில், கீழே நாற்றம். ஒரு சொட்டு பினாயில்கூட அந்தப் பக்கம் வரவில்லை. கை நாறியது, சட்டை நாறியது. அந்த நாற்றத்தை அவர் கழுவாமலே வீட்டுக்குப் போனார். அது தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தார். மனைவி மூக்கைச் சுளித்தார்.

ஏழாவது வாரம் ஆஸ்பத்திரி அடுப்பில் நீலச் சுடர் எரிந்தது. பதினோரு மார்க்கெட்டுக்கும் அனுமதி வந்தது. அரசும் தொழில்துறையும் கைகோத்தால் நடக்காதது ஒன்றுமில்லை என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். 'தொட்டியை மீட்டவர்' என்று பினாயிலை மேடைக்கு அழைத்துச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டும்போது அவர் குனிந்து மேடைத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகத் துடைத்திருக்கவில்லை.

மனைவி அதைக் கூடத்தில் ஆணி அடித்து மாட்டினார். சாயங்காலம் பார்த்தால் அது அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. மறுபடி மாட்டினார். மறுபடி அலமாரிக்குப் பின்னால் போனது.

"என்ன, ஆணிக்கு வலிக்குதா?" என்று கேட்டார்.

பினாயில் சொல்லிவிட்டார். நாலு கேன், ஒரு மூட்டை, சொந்தப் பேனா, எல்லாம். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தார். மனைவி முந்தானையால் அந்தச் சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.

"என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? நான் என்ன குப்பையா பிரிச்சேன்?"

மறுநாள் மத்தியானம் பினாயில் மேஸ்திரியம்மாவின் வீட்டைத் தேடிப் போனார். மூன்றாவது மாடி. அந்தம்மா இப்போது ஒரு லாட்ஜில் தரை துடைக்கிறார், இந்நேரம் வந்திருப்பார் என்று கீழ்வீட்டில் சொன்னார்கள். படியேறும்போதே முதல் வார்த்தையைத் தயார் செய்துகொண்டார்.

கதவைத் திறந்த மேஸ்திரியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். பினாயில் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அதற்குள் அந்தம்மா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"நானே வரணும்னு இருந்தேண்ணே. உங்க முகத்துல முழிக்க தைரியம் இல்ல. உங்க தொட்டியக் கெடுத்தது நான்தான்."

பினாயிலுக்கு ஒன்றும் புரியவில்லை.

"குழு வந்துட்டுப் போன மறுநாள், என் பொண்ணுக்கு வலி எடுத்துருச்சுன்னு பாதியில ஓடினேன்ல? அன்னைக்கு ஜூஸ் கடையிலிருந்து நாலு மூட்டை எலுமிச்சைத் தோல் வந்துச்சு. பிரிக்காம அப்படியே தள்ளச் சொல்லிட்டுப் போயிட்டேன். அப்புறம் எஞ்சினியரம்மா தொட்டி புளிச்சுப் போச்சுன்னு சொன்னப்ப எனக்கு நெஞ்சே நின்னுருச்சு. எலுமிச்சைதானேண்ணே புளிக்க வச்சிருக்கும்? ஏழு பேரு வீட்டுக்கும் போய் நான்தான் காரணம்னு சொல்லிட்டேன். ரெண்டு பேரு இன்னும் பேசறதில்ல. உங்ககிட்ட மட்டும் சொல்ல வாய் வரல. இத்தனை வருஷம் கத்துக் குடுத்தீங்களே, உங்களுக்குப் போய்த் துரோகம் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிருங்கண்ணே."

தயார் செய்து வைத்திருந்த வார்த்தை பினாயிலின் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் வந்தது வேறு.

"போகட்டும் விடும்மா. மனசுல வச்சுக்காத."

மேஸ்திரியம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்களுக்குப் பெரிய மனசுண்ணே" என்றார்.

பினாயில் எழுந்தார், செருப்பை மாட்டினார், மூன்று மாடியும் இறங்கினார். தெருமுனை வரை நடந்தார். அங்கே சைக்கிள் கடைக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. கையில் அந்தம்மாவின் கண்ணீர் ஈரம் அப்படியே இருந்தது. அவர் வாழ்க்கையில் அவருக்கே அவர்மேல் அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான். எத்தனையோ அசிங்கத்தை அள்ளியவர், மூக்கைப் பொத்தியதில்லை. தன்னைத்தான் அவருக்குத் தாங்க முடியவில்லை. திரும்பி நடந்தார். மூன்று மாடியும் மறுபடி ஏறினார்.

இந்த முறை உட்காரவில்லை. நிலைப்படியில் நின்றபடியே சொன்னார். மேஸ்திரியம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எத்தனை கேன்?"

"நாலு."

"அப்ப எலுமிச்சைத் தோல்?"

"அது ஒண்ணும் பண்ணியிருக்காது. அதையெல்லாம் தொட்டி தின்னுடும்."

அந்தம்மா உள்ளே போய் முகம் கழுவி வந்தார். செருப்பைப் போட்டார். கதவைப் பூட்டினார். "ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கினார். பினாயில் பின்னாலேயே போனார்.

அதிகாரிக்கு விஷயம் புரிய நேரம் ஆகவில்லை. ஒத்துக்கொள்ளத்தான் நேரம் ஆனது. "ரிப்போர்ட் மேல போயிடுச்சே. இப்ப கிளறினா பதினோரு ஊரும் நின்னுடும். ரெண்டு தரப்பும் சேர்ந்து போட்ட கையெழுத்து" என்று இழுத்தார்.

"மேல போனது கீழ வரக் கூடாதா சார்?" என்றார் மேஸ்திரியம்மா.

அதிகாரி கூப்பிட்டனுப்பியதில் எஞ்சினியர் பெண்ணும் வந்துவிட்டாள். பினாயிலிடம் தேதி கேட்டாள், அளவு கேட்டாள், காகிதத்தில் ஏதோ போட்டுப் பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா அஞ்சு நாள்ல சரி பண்ணியிருக்கலாம் சார்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வேறு வழியில்லாமல் புது அறிக்கை எழுதினார்கள். பதினோரு ஊரும் நிற்கவில்லை. தீனிக்குழிப் பக்கம் கிருமிநாசினி எதுவும் வரக் கூடாது என்று எல்லா ஊர்த் தொட்டியிலும் ஒரு பலகை தொங்கியது, அவ்வளவுதான். பாராட்டுப் பத்திரத்தை அவர்கள் கேட்பதற்கு முன்பே பினாயில் திருப்பிக் கொடுத்துவிட்டார். தொட்டிப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அவரைத் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். மூன்று வாரத்தில் எட்டுப் பெண்களும் திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம் அவர் அந்தம்மாவுக்குக் கீழே வேலை.

முதல் நாள் அவர்கள் எல்லாரும் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். ஏழு பேரும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒருத்தி அவர் குடும்பத்தையும் சேர்த்துத் திட்டினாள். திட்டி முடித்து, நகர்ந்து, அவருக்கும் உட்கார இடம் விட்டார்கள். மேஸ்திரியம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் குழாயடியில் கை கழுவும்போது இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். பினாயில் மெதுவாக, "நீயும் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்மா" என்றார்.

அந்தம்மா குழாயை மூடினார்.

"தெரியாம ஊத்துனீங்க, அது புரியுது. பயந்துட்டீங்க, அதுவும் புரியுது. எங்க தலையில பழி விழும்போது கையெழுத்துப் போட்டீங்களே, அதைக்கூட நாலு நாள் யோசிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். ஆனா அன்னைக்கு நான் தரையில உக்காந்து அழுதப்ப, என்னை மன்னிச்சீங்களே. அது எப்படிண்ணே வாயில வந்துச்சு?"

பினாயில் கையிலிருந்த ஈரத்தைப் பார்த்தார். அந்தம்மா நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்பது போலத்தான் நின்றார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். அடுத்த குப்பை வண்டி வந்திருந்தது.